குரல்காரி

பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் சலவைக்கூடத்துப் பாய்லருக்கு விடிந்துவிடும். பாய்லர் அண்ணன் நாலரை மணிக்கே வந்து அதன் வயிற்றில் நெருப்பு மூட்டியிருப்பார். ஐந்து மணிக்கு நாங்கள் உள்ளே நுழையும்போது குழாய்களெல்லாம் டக்கு டக்கென்று நெட்டி முறித்துக்கொண்டிருக்கும். மூன்று மருத்துவமனைகளின் அழுக்கும் ஏழெட்டு ஓட்டல்களின் அழுக்கும் கான்வாஸ் வண்டிகளில் குவிந்து கிடக்கும். மருத்துவமனை மூட்டையை மூக்கைப் பொத்திக்கொண்டு பிரிப்போம். ஓட்டல் மூட்டையைத் திட்டிக்கொண்டே பிரிப்போம். நோயாளிக்கு வேறு வழியில்லை, பாவம். கையும் காலும் நன்றாக இருந்து, அறை எடுத்துப் படுத்தவர்கள் ஏன் விரிப்பில் ஷூவைத் துடைக்கிறார்கள் என்பது பத்து வருடமாக எனக்கு விளங்கவில்லை.

துவைத்துப் பிழிந்து வெளியே வருகிற இரட்டைக் கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். தூங்குகிற பிள்ளையைப் போலத் தோளில் சரியும். அதை உதறி, மூலை கண்டுபிடித்து, உருளைக்குக் கொடுக்க வேண்டும். உருளை என்றால் இரண்டு ஆள் நீளத்துக்கு இரும்பு. உள்ளே நீராவி. ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஈரத்துணி போனால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். விரிப்பின் முன் ஓரத்தை நாலு பெண்கள் வரிசையாக நின்று பிடிப்பார்கள். நாலு பேரும் ஒரே நொடியில் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொண்டு சுருளும். ஒருத்தி பிந்தினால் துணியோடு விரலும் உள்ளே போகும்.

அதற்காகத்தான் ஐந்தாவதாக ஒருத்தி. ஓரத்தில் நின்று "விடு" என்று சொல்கிறவள். அவளுக்குக் குரல்காரி என்று பெயர். ஆறு வருடமாக அது நான். குரல்காரி துணியைப் பார்க்கமாட்டாள், உருளையைப் பார்க்கமாட்டாள். எட்டுக் கைகளைப் பார்ப்பாள். எந்தக் கை கடைசியாகத் தயாராகிறதோ அதுவரை வாயைத் திறக்கமாட்டாள். "குரல் கேட்ட பிறகே கையை எடுக்கவும்" என்று சுவரில் பெயிண்டால் எழுதியே இருக்கிறது. இப்போதைய முதலாளியின் அப்பா காலத்து எழுத்து. அவர் காலத்தில் யாருக்கோ என்னவோ ஆகியிருக்க வேண்டும். யாருக்கும் ஒன்றும் ஆகாமல் முதலாளிகள் சுவரில் எழுதுவதில்லை.

நாலு பேரில் கடைசிக் கை எப்போதும் வலது மூலையில் நிற்கும் அம்மிக்கல்லுடையதுதான். போட்ட இடத்தில் கிடப்பாள் என்பதால் அந்தப் பெயர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட்டால் குடை எடுத்து வந்தோமா என்று கேலி செய்வோம். ஒவ்வொரு மூலையையும் இரண்டு தடவை தடவிப் பார்த்த பிறகுதான் பிடிப்பாள். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். நடுவில் அக்கா, தங்கை இரண்டு பேர். பெரியது, சின்னது என்று கூப்பிடுவோம். முதலாளிக்குச் சொந்தமான வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள்.

இடது மூலையில் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு எங்கள் இரண்டு அறை வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் யார் முதலில் குளிப்பது என்ற தகராறில் தொடங்கி, ஒன்றரை வருடமாக நாங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பால் பொங்கினால் அவள் சுவரிடம் சொல்வாள். நான் பூனையிடம் பதில் சொல்வேன். ஆனால் உருளைக்கு முன்னால் அவள் விரலுக்கும் என் குரலுக்கும் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

உருளையின் வாய்க்கு முன்னால் நீளமாக ஒரு காப்புப்பட்டை உண்டு. விரல் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். தடித்த தையல் பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் அது செய்த குற்றம். நாளுக்குப் பத்துத் தடவை நின்றது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் பட்டையைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டியிருந்தது. கட்டியவர் மேற்பார்வையாளர் என்பது ஊருக்கே தெரியும். இருபத்து நாலு மணி நேரமும் வாயில் விசிலோடு திரிகிறவர் என்பதால் அவர் பெயரே விசில். யார் சொல்லிக் கட்டினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், உருளை நிற்காவிட்டால் நேரத்தோடு சாப்பிடப் போகலாம் என்று சந்தோஷப்பட்டோம். எங்களைப் போன்ற அறிவாளிகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

அதற்கடுத்த வாரம் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. எங்கோ விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார். நல்ல தலைவர் ஆவது எப்படி என்ற புத்தகம். பாதிதான் படித்தார் என்று அவர் அறையைக் கூட்டுகிறவள் சொன்னாள், அடையாளத்துக்கு வைத்த காகிதம் நகரவே இல்லையாம். பாதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லோரையும் கூட்டி வைத்து, இனிமேல் இங்கே முதலாளி, தொழிலாளி என்ற பேச்சே கிடையாது, நாம் அத்தனை பேரும் தலைவர்கள் என்று அறிவித்தார். அத்தனை பேரும் தலைவர்கள், ஆனால் கக்கூஸ் சாவி விசிலிடமே இருந்தது.

பயிற்சி கொடுக்க ஒரு கோட்டுக்காரர் வந்தார். எங்கள் கூடத்துச் சூட்டில் கோட்டைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் நின்றார் என்பதற்காக மட்டும் அவரை மதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதற்குப் பெயர் நம்பிக்கை என்றார். முதலாளியே செய்து காட்ட முன்வந்தார். பின்னால் நின்றது அம்மிக்கல். சாய்ந்தவரை அக்குளில் கைகொடுத்து ஏந்தி, பழக்கதோஷத்தில் அழுக்கு மூட்டையை வைப்பதுபோல வண்டி ஓரமாக வைத்துவிட்டு அவள் பாட்டுக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பயிற்சி சீக்கிரம் முடிந்தது.

முடிவதற்கு முன்னால் கோட்டுக்காரர் ஒன்று சொன்னார். தலைவராகப்பட்டவர் காலடியைப் பார்க்கமாட்டார், தூரத்தைப் பார்ப்பார், இலக்கைப் பார்ப்பார் என்றார். அந்த இலக்கை மறுநாளே கொண்டுவந்து எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். எண்கள் ஓடுகிற பலகை. மணிக்கு இத்தனை விரிப்பு என்று கணக்கு. எட்டாவிட்டால் சிவப்பு, எட்டினால் பச்சை. அப்புறம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, என் குரலில் அதிகாரம் இருப்பதாகச் சொல்லி, உருளைக்குத் தலைவர் ஆக்கினார். நீலக் கோட்டு ஒன்று கொடுத்தார். உட்கார நாற்காலி கொடுத்தார்.

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. நீலக் கோட்டு எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு நாத்தனார் முன்னால் இரண்டு தடவை குறுக்கே நடந்தேன். பூனையிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளச் சொன்னேன். நாற்காலியைப் போட்டிருந்த இடத்திலிருந்து பலகை நன்றாகத் தெரியும். கைகள் தெரியாது, நாலு முதுகுதான் தெரியும். பத்து நாள் முதுகைப் பார்த்து "விடு" சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் பெரிய திறமைசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோராவது நாள், வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பலகை சிவப்பாக இருந்தது. இன்னும் ஏழு விரிப்பு போனால் பச்சை. வந்த விரிப்பில் ஓரத் தையல் பிரிந்து நூல் தொங்கியிருக்கிறது. அது நாத்தனாரின் இரண்டு விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் அதை விடுவித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தால் நான் பார்த்திருப்பேன். ஆறு வருடத்தில் இப்படி ஆயிரம் தடவை பார்த்து ஆயிரம் தடவை காத்திருக்கிறேன். அன்றைக்குப் பலகையைப் பார்த்தபடி "விடு" என்றேன். மூன்று பேர் விட்டார்கள்.

முதலில் வந்தது சத்தம் இல்லை, வாடை. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். பட்டை மேலே கட்டியிருந்ததால் உருளை நிற்கவில்லை. விசில் ஓடிவந்து விசில் ஊதினார். அவருக்குத் தெரிந்தது அதுதான். அம்மிக்கல் பாய்ந்து போய் நிறுத்துகிற பொத்தானை அடித்து, பக்கத்துச் சக்கரத்தைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுற்றினாள். அவள் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். கை வெளியே வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

எங்கள் துணி போகிற மருத்துவமனையில்தான் சேர்த்தோம். அவளைப் படுக்க வைத்த விரிப்பு நாங்கள் தேய்த்தது. இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் முதலாளி என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். சுவரெல்லாம் மலை உச்சியில் நிற்கும் மனிதர்களின் படம். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. காப்புப்பட்டையைச் சீக்கிரம் வேலை முடிப்பதற்காக அந்தப் பெண்ணே கட்டிக்கொண்டாள், பல தடவை எச்சரித்தும் கேட்கவில்லை, தலைவர் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். அதில் நான் கையெழுத்துப் போட்டால் என் நாத்தனாருக்கு வேலையும் கிடையாது, வைத்தியமும் கிடையாது.

"சார், பட்டையைக் கட்டுனது விசில் சார்தான்" என்றேன்.

"கட்டும்போது நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாக்கல. காலைல வந்தப்ப கட்டியிருந்துச்சு."

"பாக்காததைச் சொல்லலாமா?"

"அவ கட்டுனதையும் நான் பாக்கலையே சார்."

சிரித்தார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த சிரிப்பு. "இதுதாம்மா உங்ககிட்ட பிரச்சினை. இன்னும் தொழிலாளி மாதிரியே யோசிக்கிறீங்க. தலைவர்னா கசப்பான முடிவு எடுக்கத் தெரியணும்."

முடிவு எடுக்கிறவர் இவர், கசப்பு எங்களுக்கு என்று எனக்குத் தோன்றியது. அவரே தொடர்ந்தார். விசாரணை என்று யாராவது வந்தால் கூடத்தை மூட வேண்டியிருக்கும், நாற்பது பேர் நடுத்தெருவில் நிற்பார்கள், வரிசை வீடுகளையும் காலி செய்ய வேண்டிவரும், அத்தனை பேர் வயிற்றெரிச்சலும் என்னைத்தான் சேரும் என்றார். திங்கட்கிழமை காலை தாள் வேண்டும் என்றார். நான் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பற்றி இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் வருகிற தலைவர்களை ஒருவர் விடாமல் வாய் கிழியத் திட்டுகிறவர். முதுகெலும்பு இல்லாத பயல்கள் என்பார். ஞாயிற்றுக்கிழமை தாளைக் காட்டியதும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். ரெண்டு பேர் வேலையும் போவதற்கு ஒருத்தி வேலையாவது நிற்கட்டுமே என்றார். போகப்போவது சொந்தத் தங்கையின் வேலை. சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

அன்று காலைதான் மருத்துவமனையிலிருந்து வந்திருந்த நாத்தனார் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் தலையணை அளவுக்குக் கட்டு. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க என் கையைப் பாக்கல."

"ஆமா."

"வேற எதைப் பாத்தீங்க?"

"பலகையை. இன்னும் ஏழு போனா பச்சை."

"பச்சை வந்துச்சா?"

வந்தது. அரை மணி நேரத்தில் உருளையைத் துடைத்து, மடிக்கிற இடத்திலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி ஓட்டினார்கள். சாயங்காலம் பச்சை எரிந்தது. அதை அவளிடம் சொன்னேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலில் விழுந்தால்கூட அது எனக்காக விழுந்ததாகத்தான் இருந்திருக்கும்.

அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தாள். "கையெழுத்து போடணும்னா போடுங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனா இதைப் பாத்துக்கிட்டே போடுங்க" என்றாள். பிறகு, "பால் பொங்குது அண்ணி" என்றாள்.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு எல்லோரையும் பாய்லருக்குப் பக்கத்தில் வரச் சொன்னேன். அங்கே பேசினால் விசிலுக்குக் கேட்காது. தாளைப் படித்துக் காட்டினேன். பட்டை கட்டியிருந்ததையும், அதைப் பார்த்து நாங்கள் பல்லைக் காட்டியதையும், நான் நாற்காலியில் உட்கார்ந்து பலகையைப் பார்த்துக் குரல் கொடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். பெரியது என்னைக் காறித் துப்பாத குறையாகத் திட்டினாள். நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் எங்கள் வீரம் தொடங்கியது. துவைக்கிற பகுதி ஆண்கள் உடனே எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிடலாம் என்றார்கள். யார் முதலில் என்றதும் பாய்லர் சூடு அதிகமாக இருப்பதாகப் பேச்சை மாற்றினார்கள். மீசை வைத்த ஒருவர், எல்லோரும் பின்னால் நிற்பதாகச் சத்தியம் செய்தால் தான் முன்னால் நிற்கத் தயார் என்றார். இன்னொருத்தி, போய்க் கேட்டால் முதலாளி நல்லவர்தான் என்றாள். நமக்கு ஒரு தலைவர் இல்லாததுதான் குறை என்று மூன்று பேர் சொன்னார்கள். நாற்பது பேரும் அந்தத் தலைவரை ஒருவர் முகத்தில் ஒருவர் தேடினோம். எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் இரண்டு வாரம் தலைவராக இருந்தவள், அந்த லட்சணம் எனக்குத் தெரியும்.

அப்போது அம்மிக்கல் வாயைத் திறந்தாள்.

"யாருக்கு என்ன பயம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

யாரும் அவளிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை. அவள் மூலையைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள். பதில் வரும்வரை நகரவில்லை. மீசைக்காரர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாய்லர் அண்ணனுக்கு வயதாகிவிட்டது, வேறெங்கும் எடுக்கமாட்டார்கள். பெரியதும் சின்னதும் வேலையை விட்டு வெளியே கால் வைத்தால் அன்றைக்கே வரிசை வீட்டின் கதவில் பூட்டு. வீட்டில் எழுந்திருக்க முடியாத அம்மா. பெரியது அதைச் சொல்லும்போது அழுதாள். எல்லோரிலும் அவளுக்குத்தான் பயம் அதிகம்.

"வெளிய போக வேணாம்" என்றாள் அம்மிக்கல். "இவளால எது முடியுமோ அதைச் செய்வோம். இவளை விட்டுட்டு ஒண்ணும் வேணாம்." பெரியதைப் பார்த்து, "உன்னால என்ன முடியும்?" என்று கேட்டாள்.

பெரியது மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தாள். "நிக்க முடியும். என் இடத்துல துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியும். குரல் வராம நான் விடமாட்டேன். அதுக்கு என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, சுவத்துலயே எழுதியிருக்கு."

எனக்குச் சுரீரென்றது. கடைசிக் கைக்காகக் காத்திருப்பது என் வேலை. ஆறு வருடம் நான் செய்த வேலையை, நான் இளக்காரமாகப் பார்த்த ஒருத்தி பாய்லர் பக்கத்தில் நின்று நாற்பது பேருக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு நீலக் கோட்டும் இல்லை, கோட்டுக்காரரின் பயிற்சியும் இல்லை. பயிற்சி அன்றைக்கு அவள் முதலாளியை ஓரமாக வைத்ததோடு சரி.

ஆறு மணிக்கு உருளை சுற்றத் தொடங்கியது. கோட்டைக் கழற்றி நாற்காலிக்குப் போட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்தன. இடது மூலையில் நாத்தனார் இடத்தில் நானே நின்றேன். உதறினோம், மூலை பிடித்தோம், உருளையின் வாய்க்கு ஒரு சாண் முன்னால் விரிப்பைக் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் குரல் கொடுக்கவில்லை. பின்னால் துணியை வாங்கி மடிக்கிறவர்கள் கையை நீட்டியபடி நின்றார்கள். துவைக்கிறவர்கள் வண்டிகளை உருளையின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வண்டியைப் பிடித்தபடி நின்றார்கள். எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தோம். வேலை மட்டும் நடக்கவில்லை. பலகையில் எண் ஏறாமல் சிவப்பு எரிந்தது.

விசில் ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். பிறகு விசிலை எடுத்துவிட்டுப் பேசிப் பார்த்தார். வாயில் அது இல்லாமல் அவரை எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. கடைசியில் போன் செய்தார். முதலாளி தலை ஈரம் காயாமல் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? தாள் எங்க?"

கோட்டுப் பையில் இருக்கிறது சார் என்றேன். அவரே நாற்காலிக்குப் போய் எடுத்தார். அவர் எழுதியதன் பின்பக்கத்தில் நடந்ததை நான் எழுதியிருந்தேன். பட்டை கட்டியிருந்தது, அதை அவள் கட்டவில்லை, அவள் வருவதற்கு முன்பே கட்டியிருந்ததை எல்லோரும் பார்த்தோம், நான் கையைப் பார்க்காமல் குரல் கொடுத்தேன். கம்பியை அறுக்க வேண்டும், அவளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், ஆறியதும் அவள் வேலை அவளுக்கு வேண்டும். கீழே நாற்பது பேர் கையெழுத்து. சிலது கைநாட்டு.

"உங்க தப்பையும் நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"முதல்ல உங்களைத்தான் அனுப்புவேன்."

"தெரியும் சார்."

"தலைவரா ஆக்கினேனே உங்களை" என்றார். உண்மையாகவே மனம் புண்பட்டவர் போலிருந்தார். பிறகு எல்லோரையும் பார்த்து, "இதுக்கு யாரு தலைவர்? யாரு கிளப்பிவிட்டது?" என்று கேட்டார். எங்களுக்கு அந்தக் கேள்வி நிஜமாகவே புரியவில்லை. பயந்து அழுத பெரியதா, கேள்வி கேட்ட அம்மிக்கல்லா, பால் பொங்குகிறது என்று சொன்ன என் நாத்தனாரா? யாரைச் சொல்வது? துணியைப் பிடித்தபடி நின்றோம்.

அவர் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "குரல் வந்தா கையை எடுக்கணும். அதுதானே உங்க சட்டம்? நானே குடுக்கிறேன்." கோட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தபடி காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் தலைக்கு மேலே தூரத்தில் பார்த்துக்கொண்டு, "விடு" என்றார்.

எட்டுக் கையில் ஒரு கையும் விடவில்லை.

"விடுங்கன்னு சொல்றேன்ல!" இந்தத் தடவை குரல் பிசிறியது.

"கையைப் பாத்துச் சொல்லணும் சார்" என்றாள் அம்மிக்கல், சாதாரணமாக, தெரியாதவருக்கு வழி சொல்வதுபோல.

அவர் பார்த்தார். வெளுப்புத் தூள் தின்ற நகங்களையும், சூடு பட்ட தழும்புகளையும், விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியையும் அன்றுதான் பார்த்திருப்பார். பார்க்கத்தான் செய்தார். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. பாதி புத்தகத்தில் அது இல்லைபோல.

நாளைக்கே வேறு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவேன், வரிசை வீடு முழுக்கக் காலியாக வேண்டும் என்று கத்திவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்ப் போனை எடுத்தார். சும்மா மிரட்டவில்லை, செய்யக்கூடியவர்தான். என் பக்கத்தில் பெரியதின் கை துணியை இன்னும் இறுக்கியது. பாய்லர் அண்ணன் யாரையும் கேட்காமல் நீராவியை வெளியே திறந்துவிட்டார். கூடமெல்லாம் புஸ்ஸென்று வெள்ளையாகிக் கலைந்தது. உருளை வெறுமனே சுற்றிச் சுற்றிச் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பி கட்டியபடியே இருந்தது.

ஏழரைக்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. விரிப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் செருப்பைச் சுற்றித் தேங்கியிருந்தது. வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார் கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றாள். எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு, "குளிக்கிற அறை காலியா இருந்துச்சு, சீக்கிரம் கிளம்பிட்டேன்" என்றாள். என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்று, வலது கையால் இடது மூலையைப் பிடித்தாள். இப்போது துணியில் ஒன்பது கைகள்.

நான் பலகையைப் பார்க்கவில்லை. அந்த ஒன்பதையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் இருந்த அம்மிக்கல்லின் கை நடுங்கியது. அவள் சொல்லமாட்டாள், விழுகிற வரைக்கும் நிற்பாள்.

"கனக்குது. கொஞ்சம் கீழ எறக்கிப் பிடிப்போம், ரொம்ப நேரம் நிக்கணும்" என்றேன். எல்லாக் கையும் தயாராகும்வரை காத்திருந்தேன். பிறகு, "எறக்கு" என்றேன்.

ஒன்பது கையும் ஒன்றாக இறங்கின.